கொக்கு நின்ற இடம்

அப்பாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜராக இருந்தவர். வரிசையின் கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும்படி "மா முடிஞ்சி, நாளைக்கு வாங்க" என்று வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லியே தொண்டை அப்படி விரிந்துபோனது என்பார் அம்மா. நாவற்குடாவில் வாவியை நோக்கி இறங்கும் எங்கள் ஒழுங்கையில், அவர் சோற்றுக்கு உப்புக் கேட்டால்கூட நாலு வீட்டுக்குத் தெரியும். என் கூட்டாளிகள் வந்திருக்கும்போது அவர் வாயைத் திறந்துவிடக் கூடாதே என்று கோயிலுக்கு நேர்த்தி வைக்காத குறை. வெட்கம் என்றால் அதுதான் என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்கு இருபது முடிந்திருந்தது. சண்டைக் காலத்தில் எங்கள் பக்கம் அந்த வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது மாதிரி. ஆமியின் சுற்றிவளைப்பு வந்தால் ஒரு பயம். வராத நாட்களில், வீட்டுக்கு ஒரு பிள்ளை தா என்று மறுபக்கத்தார் படலையைத் தட்டுவார்களோ என்று இன்னொரு பயம். ஒழுங்கையில் இருந்த பொடியன்கள் ஒவ்வொருவராகக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணன் மட்டும் குசினிக்குப் பின்னால் உட்கார்ந்து ஈர்க்குக் கிழித்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு இடம் இல்லாமல் இல்லை. கொழும்பில் சித்தப்பா இருந்தார். அப்பாவின் ஒரே தம்பி. சங்கக்கடைச் சம்பளத்தில் அப்பா படிப்பித்து ஆளாக்கியவர், வெள்ளவத்தையில் குடும்பத்தோடு வசதியாக இருந்தார். "அனுப்பு, அனுப்பு எண்டு ஒற்றைக் கால்ல நிக்கான். நான்தான் பாதை சரிவரட்டும் எண்டு பார்க்கன்" என்று அப்பா ஒழுங்கை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். யாரும் சந்தேகப்படவில்லை. படிப்பித்த அண்ணனின் மகனை வைத்திருக்க எந்தத் தம்பிதான் மாட்டேன் என்பான்?

அதனால் எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் பாதையைப் பற்றியதாகவே இருந்தது. ஓட்டமாவடியைத் தாண்டிப் பொலன்னறுவைக்குப் போகும் பாதை ஒரு நாள் திறக்கும், மறுநாள் பூட்டும். அதை அறிந்து சொல்ல எங்களிடம் ஒரு சாமான் வந்து சேர்ந்தது.

கட்டாரில் இருந்த மாமா அனுப்பிய பொதியில், சேலைகளுக்கு நடுவே அது சுற்றி வைக்கப்பட்டிருந்தது. "நல்ல ரேடியோ, கனக்க ஸ்டேஷன் எடுக்கும்" என்று சொல்லியனுப்பியிருந்தார். கறுப்புப் பெட்டி, தலையில் குட்டை ஏரியல், வயிறு முழுக்க எண் பொத்தான்கள். பார்த்தால் அச்சு அசல் வோக்கிடோக்கி. "உங்க மாமன் நம்ம எல்லாரையும் உள்ளுக்குத் தள்ளப் பாக்கான்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு, அதை அரிசி வாளிக்குள் புதைத்தார். வாவிக்குள் எறிய மட்டும் மனம் வரவில்லை. வெளிநாட்டுச் சாமான் அல்லவா!

அது ரேடியோ இல்லை, மற்றவர்கள் கம்பியில்லாமல் பேசுவதைத் தேடிப் பிடிக்கும் ஸ்கேனர் என்று கூடவந்த கையேட்டைப் படித்து நான்தான் சொன்னேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காக ஈயோட்டிக்கொண்டிருந்த எனக்கு அது கரும்பு. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பொதுவான அலைவரிசைகளை அடுக்கிப் போட்டிருந்தார்கள். கப்பல்களுக்கு இது, விமானங்களுக்கு இது, டாக்சிகளுக்கு இது என்று ஏதோ ஓர் அமெரிக்க ஊருக்கான கணக்கு. எண்ணை அடித்து, புள்ளியை அடித்து, மிச்ச எண்ணையும் அடித்து, சேமிக்கும் பொத்தானை அமத்த வேண்டும். ஒன்று பிழைத்தால் கீச்சென்று கத்திவிட்டு முதலிலிருந்து கேட்கும். எங்கள் ஊர் டாக்சிக்காரரிடம் அடிக்க ஒரு ஹோனே ஒழுங்காக இல்லை, ரேடியோவுக்கு எங்கே போவது? ஆனாலும் எண்ணைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. எல்லாவற்றையும் ஏற்றினேன். நாற்பத்தொன்பதில் தொடங்கும் ஒரு வரிசை, கம்பியில்லா டெலிபோனின் கைப்பிடிக்கு உரியது என்றிருந்தது. ஒழுங்கையில் டெலிபோன் இருந்தது ஒரே ஒரு வீட்டில், அதுவும் சுருள் கம்பியோடு. கிடந்துவிட்டுப் போகட்டும் என்று அதையும் ஏற்றினேன்.

பிறகு தேடித் தேடி, பக்கத்துக் காவலரண்களில் பேசுவது கேட்கும் ஓரிரு இடங்களையும் பிடித்துச் சேர்த்தேன். அந்தப் பெட்டி ஏற்றிய எண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும். குரல் கேட்கும் இடத்தில் நிற்கும். பேச்சு முடிந்தால் மறுபடி நடக்கும். வாவிக்கரையில் மீன் பார்த்து நடக்கும் கொக்கு மாதிரி. ஒழுங்கைப் பெண்கள் அதற்குக் கொக்கு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வெளியில் வாய்தவறினாலும் ஆபத்தில்லாத பெயர்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நாலைந்து பேர் எங்கள் குசினிக்கு வருவார்கள். ஒருத்திக்குக் கொழும்பில் மகன், ஒருத்திக்குப் பஸ்ஸில் வரவேண்டிய மருந்து. காவலரணில் பேசுவது சிங்களம், எங்களில் அது புரிந்தவர் பொலன்னறுவை மாமி ஒருவர்தான். எங்களுக்குச் சொந்தமில்லை, அங்கே கடை வைத்திருந்து, புருஷன் செத்தபின் ஊரோடு வந்தவர், அதனால் அந்தப் பெயர். கொக்கு நிற்கும். எல்லாரும் மூச்சைப் பிடிப்போம். குரல் ஓய்ந்ததும் மாமியின் முகத்தைப் பார்ப்போம். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, "பாதை திறந்துதானாம். லொறி ரெண்டு வருகுதாம்" என்பார். அவர் சொன்னால் அதுதான் தீர்ப்பு.

பாதை பல நாட்கள் திறந்துதான் கிடந்தது. அண்ணன்தான் போகவில்லை. "நாளைக்குப் பாப்பம்" என்பார் அப்பா. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சித்தப்பா கூப்பிடுகிறார், பாதை திறந்திருக்கிறது, இந்த மனுஷன் எதற்காகப் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அம்மாவிடம் பாய்வேன். அம்மாவுக்கும் விளங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் டெலிபோன் வீட்டுக்காரிக்கு அவருடைய மகள் கனடாவிலிருந்து கம்பியில்லா டெலிபோன் அனுப்பினார். அதுவரை அந்த வீட்டு விறாந்தையில் நின்று, இருப்பவர்கள் எல்லார் முன்னாலும்தான் பேச வேண்டும். அப்பாவின் சத்தத்துக்கு அது பொருத்தம். "ஓம்டா, அனுப்புறன்டா!" என்று அவர் கத்துவதை ஊரே கேட்கும். இப்போது அந்த வீட்டுக்காரி பெருமையோடு, "மனேஜர், போனக் கொண்டு பின் வளவுக்குப் போங்க, ஆறுதலாப் பறைங்க" என்று கைப்பிடியைக் கொடுத்தார். அப்பா போனார். அந்தப் பின் வளவு வாவியோரமாக வளைந்து வந்து எங்கள் குசினி வேலியில் முடிகிறது. தனிமை வேண்டும் என்று நடந்து நடந்து எங்கள் வேலிக்கே வந்து நின்றிருக்கிறார். வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள்.

கச்சான் காற்று அன்று வேலிக் கிடுகைப் பிய்த்துக்கொண்டிருந்தது. காதுக்கு எதுவும் கேட்கவில்லை. கொக்குதான் நின்றது.

"தம்பி, வைக்காத. வைக்காதடா. ஒள்ளுப்பம், ஒரு நிமிசம் கேளு."

யாரென்று எனக்கு உடனே பிடிபடவில்லை. அப்பாவின் குரலை அவ்வளவு தாழ்வாக நான் கேட்டதேயில்லை. கைப்பிடியின் அலைவரிசை என்பதால் ஒரு பக்கப் பேச்சு மட்டுமே வந்தது. சித்தப்பா பேசும் இடங்களில் காற்று இரைந்தது.

"நீ கோல் எடுக்கமாட்டாய் எண்டு தெரியும். அதுதான் நான் எடுத்த... குசினிக்குள்ள படுப்பான்டா. முன்பக்கமே வரமாட்டான்... பொலிஸ் பதிவ நான் வந்து செய்யன். உனக்கு ஒரு கரைச்சலும் வராது."

எங்கள் பக்கத்துப் பொடியனைக் கொழும்பில் வைத்திருந்தால் பொலிசில் பதிய வேண்டும், சித்தப்பாவுக்கு அந்தப் பயம் போல. நான் பெட்டியை நிறுத்தக் கையை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். வளையல் தசைக்குள் அழுந்தும்படி பிடித்தார். அவருக்கும் இது முதல் செய்தி. கட்டிய புருஷன் மாதக்கணக்காகத் தன்னிடமும் பொய் சொல்லியிருக்கிறார் என்பதை, நாலு பெண்கள் சுற்றியிருக்க, ஒரு பெட்டியின் வாயால் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப புள்ளையிட்டக் குடு. நான் அவட்டக் கேக்கன்."

புள்ளை என்றது சித்தப்பாவின் மனைவியை. எங்களில் மூத்தான், அதாவது புருஷனின் அண்ணன், தம்பி மனைவியோடு நேருக்கு நேர் நின்று பேசுவதே இல்லை. அவர் வந்தால் தம்பி மனைவி வாசலைவிட்டு விலகிவிடுவார். அந்த மனிதர் அந்தப் பெண்ணிடம் கெஞ்சுவதற்கு டெலிபோனைக் கொடுக்கச் சொல்கிறார். ஒருவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"உன்ட காலப் புடிக்கன்டா."

அதன்பிறகு இரைச்சல்தான். கொக்கு நடக்கத் தொடங்கியது. எனக்கு நிலம் பிளந்து விழுங்காதா என்றிருந்தது. இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது. அப்பாவை நினைத்தா, அம்மாவை நினைத்தா, அந்தப் பெண்கள் கேட்டுவிட்டார்களே என்றா என்று பிரிக்கத் தெரியவில்லை. அவரைப் போய் வீண் பிடிவாதத்தில் பிள்ளையைப் பிடித்து வைத்திருப்பவர் என்று நான் ஏசிய ஏச்செல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்து முகத்தில் விழுந்தது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு, பழக்கதோஷம்தான், ஒவ்வொருவராகப் பொலன்னறுவை மாமியின் முகத்தைப் பார்த்தோம்.

மாமி வெற்றிலையை ஒதுக்கினார். எப்போதும் சொல்லும் அதே குரலில், "பாதை பூட்டியாம்கா" என்றார். "இண்டைக்கு ஒருத்தரையும் விடமாட்டாங்களாம்."

"அப்பிடியா மாமி? எத்தின நாளைக்காம்?" என்று கேட்டார் வாயைப் பொத்தியிருந்தவர்.

"அது தெரியாதாம்."

ஓம், ஓம் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அப்போது அப்பா படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகத்தைக் கழுவிவிட்டு வந்திருந்தார். சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. குரல் பழைய குரல்.

"தம்பி கோல் எடுத்தவன்! ஏன் இன்னம் பொடியன அனுப்பல்ல எண்டு என்னப் போட்டு ஏசுறான்!"

"எப்பிடி அனுப்புற மனேஜர்? பாதை பூட்டிக் கிடக்காமே" என்றார் மாமி. "இப்பதான் கொக்கு சொன்ன."

"பாத்தீங்களா! அதத்தானே நானும் அவனுக்குச் சொன்ன" என்றார் அப்பா.

அந்த நேரம் பார்த்தா பிரதான வீதியில் கொழும்பு பஸ் வர வேண்டும்! கொழும்பிலிருந்து வரும் தனியார் பஸ்ஸின் ஹோன் எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்கும் தெரியும். ஒரு பாட்டு மாதிரி இழுத்து அடிப்பான். பாதை பூட்டியிருந்தால் அது எப்படி வரும்? ஹோன் அடித்துக்கொண்டே எங்கள் சந்தியைக் கடந்து போனது. பெண்கள் அப்போதுதான் உலை நினைவுக்கு வந்தவர்கள்போல எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு போனார்கள். அம்மா அப்பாவுக்குத் தேத்தண்ணி வைத்தார். என் மணிக்கட்டில் வளையலின் தடம் இருந்தது.

கொக்கு அதன்பிறகு பேசவில்லை. நாற்பத்தொன்பது வரிசையை அழித்துவிட்டு அரிசிக்குள் வைத்தேன். மறுபடி யாரும் எடு என்று கேட்கவுமில்லை.

சில நாட்கள் கழித்துப் பொலன்னறுவை மாமி படலையில் நின்று அப்பாவைக் கூப்பிட்டார். பொலன்னறுவையில் இருக்கும் அவருடைய தங்கச்சி ஒரு சிங்களவரைக் கட்டியிருந்தார், பேக்கரி வைத்திருந்தார்கள். "அங்க நம்பிக்கையான ஆள் இல்லாமக் கஷ்டப்படுதுகள் மனேஜர். உங்கட மகன ஒள்ளுப்ப காலத்துக்குத் தந்தீங்க எண்டா பெரிய உதவி. கொழும்புக்குப் பிறகு போகட்டும்." அப்பா நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். தம்பி கோவிப்பானே என்றார். கடைசியில், "சரி, நீங்க கேட்டுட்டீங்க, மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்ற?" என்று சம்மதித்தார். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அழுகை வந்தது. மாமி போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனார். உதவி செய்ய வந்தவர், உதவி வாங்கியவர் மாதிரிக் கும்பிட்டார். அடுத்த கிழமையே அண்ணன் போனான். அங்கே பாண் போடப் பழகி, சிங்களம் பழகி, உயிரோடு இருந்தான். அவனோடு படித்தவர்களில் சிலர் இல்லை.

சண்டை முடிந்து வருடங்கள் போனபின் ஒரு நாள் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். முழங்கால் தேய்ந்து, என் கையைப் பிடித்துத்தான் படியேறினார். அப்பாவுக்கு அப்போது காதும் மந்தம். சத்தம் இன்னும் கூடியிருந்தது. "உங்கட தங்கச்சி ஆளில்லாமத் தவிச்ச நேரம் என்ட மகனையே தூக்கித் தந்தன், ஞாபகம் இரிக்கா?" என்று ஒழுங்கைக்கே கேட்கக் கேட்டார். நான் தேத்தண்ணித் தட்டை மாமிக்கு முன்னால் வைத்தேன். நன்றி சொல்ல வேண்டிய வீட்டில் அந்த மனுஷியை நன்றி சொல்ல வைக்கிறாரே! மாமி சிரித்தார். "அத மறப்பமா மனேஜர்" என்றார்.

மாமியைப் படியிறக்கிவிட்டு வந்தேன். நான் கோப்பைகளை எடுக்கக் குனிந்தபோது அப்பா பேசினார். அந்தத் தாழ்ந்த குரலை அதற்கு முன் ஒரே ஒருமுறைதான் கேட்டிருந்தேன்.

"புள்ள, அண்டைக்குக் கொழும்பு பஸ் வந்ததுதானே?"

நாங்கள் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம் என்று அத்தனை காலமும் நினைத்திருந்தேன். அந்த ஹோன் கேட்டபோதே அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. எங்கள் பொய் நிற்பதற்காக அவர்தான் அத்தனை வருடமும் கத்திக்கொண்டிருந்திருக்கிறார். நான் கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

குசினிக்குள்ளிருந்து அம்மாதான் பதில் சொன்னார், அப்பாவுக்குக் கேட்க வேண்டுமே என்று உரத்து: "எந்த பஸ்? அண்டைக்குப் பாதை பூட்டித்தான் கிடந்த."