கம்பத்துக்கு ஒரு குடம் தண்ணீர்

சிங்காநல்லூர்க் குளத்துக்கு வடக்கே சோளக்காடாக இருந்த இடத்தைச் சைட் பிரித்து விற்றபோது வாங்கிக் குடிவந்தவர்கள் நாங்கள். தெருவுக்கு அப்போது பெயர்கூடக் கிடையாது. வண்டிக்காரரிடம் "புது ஊடுகளுக்குப் போங்க" என்றால் கொண்டுவந்து விட்டுவிடுவார். டவுனுக்குள் சிறுவாணித் தண்ணீர் குழாயில் கொட்டிக்கொண்டிருந்தது, எங்களுக்குப் பொதுக்கிணறுதான். ஒரு வீட்டுக்காரர் ஊர் இன்னொரு வீட்டுக்காரர் ஊராக இருக்காது. ஒருவர் காங்கயம், ஒருவர் கோபி, ஒருவர் பொள்ளாச்சிப் பக்கம். கிணற்றடியில் நின்றுகொண்டு அவரவர் ஊர்ப் பெருமையை அளப்பதுதான் எங்கள் முக்கால்வாசிப் பேச்சு. அதில் நான் யாருக்கும் இளைத்தவள் இல்லை.

என் ஊர் அமராவதிக் கரையில், மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குப் பேர்போன ஊர். அம்மா நான் சிறு பெண்ணாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்பா வளர்த்து, மில்லில் மேஸ்திரியாக இருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார். வந்த புதிதில் எனக்கு ராகிக் களிகூடச் சரியாகக் கிண்ட வராது. பக்கத்து வீட்டில் பருத்திக்கொட்டை வியாபாரி ஒருவர் குடியிருந்தார். அவர் மனைவி என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த சுவரில், மேஸ்திரி வீட்டுச் சுவர் என்ற மரியாதைகூட இல்லாமல் ஒரு செங்கல் பெயர்ந்து கிடந்தது. அந்த ஓட்டை வழியாகத்தான் அக்கா எனக்குக் குழம்புக் கிண்ணத்தை நீட்டுவார். "அம்மணி, கொஞ்சம் உப்புப் பாத்துச் சொல்லு" என்பார். உப்பெல்லாம் சரியாகத்தான் இருக்கும். நான் சாப்பிட்டேனா என்று பார்க்கத்தான் அந்த உப்பு.

இரண்டாம் வருஷக் கோடையில் தெருவில் ஒரு குழந்தைக்கு அம்மை போட்டது. குழந்தை பிழைத்துவிட்டது. எல்லோரும் மிரண்டுபோயிருந்ததால், இனி வருஷா வருஷம் மாரியம்மன் நோம்பி சாட்டுவது என்று முடிவானது. கிணற்றுக்குத் தெற்கே மேடை கட்டி, கல் வைத்து, மேலே தகரம் வேய்ந்தார்கள். அதன் எதிரே கம்பம் நட வேண்டும். மூன்று கிளை பிரிந்த வேப்பங்கொம்பை நட்டு, நோம்பி முடியும்வரை பெண்கள் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். கடைசியில் அதைப் பிடுங்கிக் குளத்தில் விடுவார்கள். எங்கள் தெருவில் நட்டிருந்த வேப்பங்கன்றுகளோ ஆடு எட்டிக் கடிக்கிற உயரம். கம்பத்தைப் பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு வாங்கிவரும்படி ஆனது.

கம்பத்தையாவது கேட்டு வாங்கலாம். கட்டுப்பாட்டை யாரிடம் கேட்பது? கம்பம் நின்றால் என்ன செய்யலாம், என்ன கூடாது என்பது ஊருக்கு ஊர் வேறு. மூலை வீட்டுப் பெரியவர், தாசில்தார் ஆபீசில் வேலை பார்த்து ஓய்ந்தவர், ஆண்களையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் ஊர் வழக்கத்தையும் விசாரித்தார். காங்கயத்துக்காரர், கம்பம் நின்றால் வீட்டில் தாளிக்கக் கூடாது என்றார். கோபிக்காரர், உலக்கை போடக் கூடாது என்றார். இன்னொருவர் வெள்ளை அடிக்கக் கூடாது என்றார். எதை விட்டால் எந்தக் குறை வருமோ என்ற பயத்தில், ஒன்றையும் விடாமல் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். எந்த ஊரிலும் இல்லாத அளவுக்கு எங்கள் தெருவில் கட்டுப்பாடு சேர்ந்துபோனது.

கூட்டத்தின் நடுவில் என் வீட்டுக்காரர் எழுந்து வந்து, சமையலறை வாசலில் நின்று என்னைக் கேட்டார்.

"ஏம்புள்ள, பெரிய நோம்பிக்காரிங்கறயே. உங்கூர்ல என்ன கட்டுப்பாடு?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆண்கள் கூட்டம் என்னிடம் கேட்டு ஆள் அனுப்புகிறதே! "எங்கூர்ல கம்பம் நட்டாச்சுன்னா ஈ காக்கா வெளிய ராத்தங்காதுங்க. எங்க போனாலும் பொழுது உழுகறதுக்குள்ள ஊடு வந்து சேந்தரோணும்" என்றேன். சின்ன வயதில் காதில் விழுந்தது அவ்வளவுதான். அவர் போய்ச் சொன்னார். அமராவதிக் கரை வழக்கம் என்றதும் எல்லோரும் தலையாட்டினார்களாம். அன்று நான் சந்தோஷமாகத் தூங்கினேன்.

கம்பம் நட்டார்கள். குளத்துக்கு அந்தப் பக்கத்துச் சேரியிலிருந்து ஆட்கள் வந்து பறை அடித்துக் கட்டுப்பாட்டைச் சாற்றினார்கள். அவர்கள் வாயால் என் வாக்கியம் தெருவெல்லாம் கேட்டது. காலையில் நாங்கள் ஈரச்சேலையோடு குடம் தூக்கிக்கொண்டு போய்க் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவோம். தாளிக்காத குழம்பைக் குடித்துக் குடித்து ஆண்களுக்கு முகம் தொங்கிப்போயிருந்தது. எங்களுக்கு அதில் ஒரு சிரிப்பு.

நோம்பி பாதியில் இருக்கும்போது அக்காவின் பிறந்த வீட்டு ஆள் சைக்கிளில் வந்தார். அன்னூர்ப் பக்கத்துக் கிராமம். அக்காவின் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார், மகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றார். அக்கா அன்றே வண்டி பிடித்து டவுனுக்குப் போய், பஸ் ஏறிப் போனார். பொழுது சாயத் திரும்பி வந்தும்விட்டார். கிணற்றடியில் என்னைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்தார்.

"கையப் புடிச்சுட்டு உடமாட்டேங்கறா அம்மணி. ராவைக்கு இரு கண்ணுங்கறா. தெருக் கட்டுப்பாடும்மா, வெடிஞ்சதும் ஓடியாந்தர்றேன்னு சொல்லி, நானே அவ வெரல ஒண்ணொண்ணா எடுத்து உட்டுப்போட்டு வந்தேன்."

நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அக்கா மறுபடியும் கேட்டார்.

"ஏனம்மணி, உங்கூர்ல ஆருமே போகமாட்டாங்களா? பெத்தவளுக்கு முடியலீன்னாக்கூட?"

இந்தக் கேள்வியை நினைக்காத நாள் எனக்குக் கொஞ்சம்தான். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். என் ஊர்ப் பெருமை நாக்கின் நுனியில் உட்கார்ந்திருந்தது. "ஆரும் போகமாட்டாங்கக்கா. சாமி காரியமுங்க. மாரியாயி பாத்துக்குவா" என்றேன். அக்கா தலையை ஆட்டிவிட்டுக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் கிளம்புவதற்காகத் தலை வாரிக்கொண்டிருந்தாராம். அதே ஆள் சைக்கிளில் வந்து வாசலில் நின்று, இழவு சொல்ல வருகிறவர் மாதிரி துண்டை இடுப்பில் கட்டினார். அவர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

அக்கா வாயைத் திறந்து ஒரு சத்தம்தான் போட்டார். அதற்குள் மூலை வீட்டுப் பெரியவர் வந்துவிட்டார். கெட்டவர் இல்லை, கையைக் கூப்பிக்கொண்டுதான் சொன்னார்.

"கம்பம் நிக்குதுங்க அம்மணி. எழவுச் சத்தம் கேக்கக் கூடாதுங்க. தெருவத் தாண்டற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க."

அதுவும் யாரோ ஒருவர் ஊர் வழக்கம். அக்கா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு நடந்தார். தோள் மட்டும் குலுங்கியது. துக்கத்துக்குப் போகிறவரைத் தொட்டால் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற முடியாது என்று பெண்கள் ஒருவரும் கிட்டே போகவில்லை. நானும்தான் வாசற்படியில் ஒட்டிக்கொண்டு நின்றேன். என் கையில் குடம் இருந்தது.

அக்கா தீட்டோடு தெருவுக்குள் வர முடியாமல் அம்மா வீட்டிலேயே இருந்தபோது மாவிளக்கு வந்தது. உறவுக்காரர்களை அழைத்திருந்தோம். அப்பாவும் வந்திருந்தார். சாப்பாடு போட்டுக்கொண்டே, மனம் கேட்காமல் அக்கா கதையைச் சொன்னேன். அப்பா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"ஆரு சொன்னது இப்படியொரு கட்டுப்பாடு?"

"நம்மூர் வழக்கந்தானுங்கப்பா."

"நம்மூர்லயா? காப்புக் கட்டுனவனுக்குத்தான் கண்ணு அது. மத்தவிய அவசரம்னா கம்பத்துக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்தி, ஆத்தாகிட்ட உத்தரவு கேட்டு, வேப்பல முடிஞ்சுட்டுப் போறதுதான். உங்கொம்மா போகலியா? உன்ற அமுச்சி சாகக் கெடந்தப்ப நம்மூர்ல கம்பம் நின்னுட்டுத்தான் இருந்துது. உன்ன இடுப்புல தூக்கிட்டுப் போயி, இருந்து, காரியம் முடிச்சுப்போட்டுத்தான் வந்தா."

அந்தப் பயணம் எனக்கு ஞாபகமே இல்லை. என் அம்மா தன் அம்மாவின் பக்கத்தில் ராத்திரியெல்லாம் இருந்திருக்கிறாள். அவள் இடுப்பில் நானும் இருந்திருக்கிறேன். தாயில்லாத எனக்கு ஊட்டி விட்ட ஒருத்தியை, அவள் தாயிடம் இருக்க விடாமல் செய்தது என் வாய். அப்பாவுக்கு மோர் ஊற்றக் கை வரவில்லை.

அக்கா திரும்பி வந்தார். கொஞ்ச நாளில் சுவர் ஓட்டை வழியாகக் கிண்ணமும் வந்தது. "உப்புப் பாத்துச் சொல்லு அம்மணி." நான் சரியாக இருக்கிறது என்பேன். சொல்லிவிடலாம், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பேன். சொல்லி என்ன ஆகப்போகிறது, போன உயிர் வரவா போகிறது, இன்னும் வேதனைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. கிண்ணம் நின்றுவிடுமே என்று பயந்தேன்.

அந்த வருஷம் தெருவில் யாருக்கும் அம்மை வரவில்லை. கட்டுப்பாட்டைச் சரியாகக் காத்ததால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த கோடையில் மறு பேச்சில்லாமல் அதே கட்டுப்பாட்டைப் பறையடித்துச் சாற்றினார்கள்.

கம்பம் நட்ட இரண்டொரு நாளில் எதிர்வீட்டுப் பெண் காலையில் கம்பத்தடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவள் தம்பி கிணறு வெட்டும் இடத்தில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, டவுன் பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். ராத்திரி கூட இருக்க அவளை விட்டால் ஆளில்லை. பெரியவர் கையைப் பிசைந்துகொண்டு, "தெருவுக்கே பண்ணுன கட்டுப்பாடுங்க அம்மணி, நான் என்ன பண்ணட்டும்" என்றார். பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அக்காவும் நின்றார். அவர் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னால் அக்காவுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் இவளும் தன் தம்பியின் விரலை ஒவ்வொன்றாக எடுத்து விட்டுவிட்டு வருவாள்.

"உத்தரவு கேட்டுப் போலாமுங்க" என்றேன். "கம்பத்துக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்திப்போட்டு, வேப்பல முடிஞ்சுட்டுப் போலாமுங்க. எங்கூர்ல அப்படித்தான். காப்புக் கட்டுனவங்கதான் போகக் கூடாது."

பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்க ஊட்டுக்காரர் வந்து சொல்லித்தானுங்களே இதைய வெச்சோம்?"

"தப்பாச் சொல்லிப்போட்டேனுங்க."

அக்காதான் கேட்டார். குரல் உயரவே இல்லை.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது அம்மணி?"

அப்போதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுத்தான் அப்பா வந்து சொன்னார் என்றால் யார் போய்க் கேட்கப்போகிறார்கள்? அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"போன வருசம் மாவிளக்கன்னிக்குங்கக்கா."

அக்கா தன் குடத்தைத் தூக்கி, அந்தப் பெண்ணுக்காகத் தானே கம்பத்துக்கு ஊற்றினார். ஒரு கொத்து வேப்பிலை உருவி அவள் முந்தானையில் முடிந்தார். "போ கண்ணு. தம்பிக்குச் செரியாகற வரைக்கும் இருந்துட்டு வா" என்று முதுகைத் தட்டி அனுப்பினார். வெறுங்குடத்தோடு, என்னைப் பார்க்காமல், வீட்டுக்குள் போனார்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கிளம்பியது. அக்கா ஒப்பாரி வைத்து அழுதார். என்னப் பெத்தவளே, ராவைக்கு இருன்னு கேட்டயே, இருக்காமப் போட்டனே என்று, போன வருஷம் முந்தானைக்குள் திணித்த அழுகையை முழுவதும் அழுதார். கம்பம் நின்றுகொண்டிருந்தது. தெருவே கேட்டது. நிறுத்தச் சொல்லி ஒருவரும் வரவில்லை. பெரியவர் தன் வீட்டுக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டார்.

நான் போனேன். அக்கா நடுவீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அழ வருகிறவளைத் தோளில் கைபோட்டுச் சேர்த்துக்கொண்டு அழுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகாதவளாக இருந்தாலும் அந்த நேரத்துக்குக் கை நீளும். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். அக்கா கையை நீட்டவில்லை. நானும் எழுந்து வரவில்லை.