முடமான கப்பல்

வாடைக்காற்று பலத்த நாட்களில் எங்கள் மீனவக் கிராமமான கீரியில் படகுகள் கரையில்தான் கிடக்கும். என் அண்ணனுக்கு வீட்டில் சும்மா இருக்கத் தெரியாது. என் மடிக்கணினியைப் பிடுங்கிக்கொண்டு விண்வெளிச் சண்டை விளையாட்டில் இறங்கிவிடுவார். எதிரிகள் வேற்றுக்கிரகத்தார்; அவர்களை நடத்துவது கணினி. நேராக வந்து முட்டிச் செத்தார்கள். "இதென்னடி, மூளையில்லாத கூட்டம்!" என்று அண்ணன் சிரித்தார்.

போகப் போகக் கணினி தன் ஆட்டத்தை மாற்றியது. அண்ணனின் கப்பல் ஒன்றை முடமாக்கி, அழிக்காமல் விட்டுவிட்டுப் பின்வாங்கும். அண்ணன் இருக்கிற கப்பல்களையெல்லாம் அதைக் காப்பாற்ற அனுப்புவார். ஒளிந்திருந்த கூட்டம் சுற்றி வளைத்து மொத்தமாக விழுங்கும். ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அது தூண்டில் இரை அண்ணா. உங்கட குணத்தை அது படிச்சிட்டுது. விட்டிட்டு வாங்கோ."

"எஞ்சின் நிண்டதை விட்டிட்டு வாறதோ? உனக்கென்ன விசரோ?"

எங்கள் கரையில் வழக்கம் அப்படி. யாருக்காவது எஞ்சின் நின்றால், கிட்ட நிற்பவர் வலையை அறுத்துவிட்டாவது போவார். யோசிக்கமாட்டார்.

தோற்றுத் தோற்று அண்ணன் பழகிக்கொண்டார். முடமான கப்பலைக் கண்டால் நின்று, சுற்றுமுற்றும் பார்த்து, கைவிட்டுப் போனார். வெல்லத் தொடங்கினார். நானும் கைதட்டினேன். ஆனால் திரையின் மூலையில் அந்தக் கப்பல் விளக்கை மினுக்கிக்கொண்டே கிடந்தது.

காற்றுத் தணிந்த ஒரு காலை, அண்ணன் கடலுக்கு வெளிக்கிட, சாப்பாட்டுப் பார்சலோடு நானும் கரைக்குப் போனேன். அவருடைய கூட்டாளியிடமிருந்து அழைப்பு வந்தது. அவனும் அவன் தம்பியும் விடியமுன் கடலுக்குப் போயிருந்தார்கள்.

"எஞ்சின் நிண்டிட்டுது. தண்ணியும் ஏறுது. கெதியா வா!"

அண்ணன் போனை மடியில் செருகிவிட்டு அசையாமல் கடலைப் பார்த்தார்.

"திரும்பக் காத்து எழும்புது. கிட்ட வேற போட் ஒண்டும் இல்லையோ?" என்றார்.

அவர் வாயிலிருந்து அப்படியொரு கேள்வி வந்ததே இல்லை. திரையைப் பார்க்கும் அதே பார்வை.

"அண்ணா, போங்கோ!"

நான் இரண்டாம் தரமும் கத்திய பிறகுதான் எஞ்சின் கயிற்றை இழுத்தார்.

கூட்டாளியை மட்டும்தான் கொண்டுவந்தார். அவர்களின் படகு கவிழ்ந்து, அண்ணனின் படகு கண்ணில் தெரிந்த நேரத்தில்தான் தம்பி கைநழுவிப் போனானாம். மணலில் குந்தியிருந்த கூட்டாளி அண்ணனின் கையை விடவேயில்லை.

"நீ கேட்ட உடன வெளிக்கிட்டிருப்பாய் எண்டு எனக்குத் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லித்தான் தம்பியைப் பிடிச்சு வச்சிருந்தனான்."

கரையில் நின்று யோசித்ததை அண்ணன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.