கறுப்பில் வந்த கல்யாணப் பத்திரிகை

மலையடிவாரத்தில் இருக்கிற இந்த எலப்புள்ளியில் என்னிடம் மரியாதை இல்லாமல் பேசுகிற ஒரே ஜீவன் கம்ப்யூட்டர்தான். மற்ற எல்லோருக்கும் வாய் திறந்தால் 'ங்க'தான். பால்காரர் என் மூன்று வயது மகளைப் பார்த்து, "ஏனுங்க அம்மிணி, ஊட்டுல அம்மா இருக்கறாங்களா?" என்று கேட்கிறார். வந்த புதிதில் கேலி செய்கிறார் என்று நினைத்து அவரை நான் முறைத்த முறைப்பில், மனிதர் ஒரு வாரம் பாலை வாசலில் வைத்துவிட்டு ஓட்டமாய் ஓடினார். மலைமேல் வளர்ந்தவளுக்கு வேறெப்படித் தோன்றும்? எங்கள் மூணாறு எஸ்டேட்டில் மரியாதை கீழேயிருந்து மேலே போகும், மேலேயிருந்து கீழே வரவே வராது. அதனால்தானோ என்னவோ, நான் வேலை பார்க்கிற பிரஸ்ஸில், கட்டளை டைப் செய்கிற கறுப்புத் திரையைத் திறந்து, நான் தட்டிய கட்டளையில் ஒரு புள்ளி குறைந்ததும் அது 'அப்படி ஒன்றும் இல்லை' என்று வெடுக்கென்று சொல்லும்போது, எங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்த மாதிரி இருக்கும் எனக்கு.

மூணாற்றிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும், என்னைப் போல மலையிறங்கி வந்தவர்களுக்கும் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கணவருக்குப் பக்கத்திலிருக்கிற கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை. நான் பழனிச்சாமி அண்ணனின் பிரஸ்ஸில் இருக்கிறேன். முதலாளியும் அவரே, மிஷின் ஓட்டுகிறவரும் அவரே. ஒரு நேரத்தில் ஒரே ஒரு நிற மையில் அச்சடிக்கிற சின்ன ஆஃப்செட் மிஷின் அது. ஆட்கள் போனிலும் கம்ப்யூட்டரிலும் டைப் செய்து கொண்டுவருவதை அந்த மிஷினுக்குப் பிடிக்கிற ஃபைலாக மாற்றிக் கொடுப்பது என் பொறுப்பு.

மூணாற்றில் டூரிஸ்டுகளுக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிற கடையில் நான்கு வருடம் இருந்தவள் நான். அங்கே திரையில் என்ன நிறமோ தாளிலும் அதுதான். இங்கே வந்த பிறகுதான் இது வேறு உலகம் என்று புரிந்தது. பிரஸ்ஸில் இருந்த பழைய சாஃப்ட்வேரில் தமிழ் ஃபைலைத் திறந்தால் எழுத்தெல்லாம் கட்டங்கட்டமாக வந்து நிற்கும். வீடியோ பார்த்துப் பார்த்து நானே கட்டளைகளைக் கற்றுக்கொண்டேன். முதல் வரி, ஃபைலைப் பி.டி.எஃப். ஆக்கும். இரண்டாவது வரி, எழுத்துருவை உள்ளேயே பொதிந்து, எல்லா நிறத்தையும் ஒரே கறுப்பாக்கி, சரியான அளவுக்குக் கொண்டுவரும். மூன்றாவது, ஒரு தாளில் நான்காக அடுக்கி, வெட்டுகிற கோடு போடும். என்டர் தட்டினால் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். முதல்முறை அது நடந்தபோது நான் போட்ட சத்தத்தில் பழனிச்சாமி அண்ணன் மிஷினையே நிறுத்திவிட்டு, "ஷாக் அடிச்சுருச்சுங்களா?" என்று ஓடிவந்தார்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் தம்பி முத்துவின் கல்யாணப் பத்திரிகை வந்தது. முத்து ஜீப் ஓட்டுகிறான். பெண் காந்தலூர், பூண்டு போடுகிற குடும்பம். ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். அந்த மாதத்தோடு அப்பாவுக்கு எஸ்டேட்டில் ரிட்டையர். எங்கள் குடும்பத்தில் எஸ்டேட் வேலைக்கு அடுத்து ஆளில்லை என்பதால், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாங்கள் பிறந்த வீடு அது. அந்த வாசலில் பந்தல் போட்டு மகனுக்குக் கல்யாணம் செய்ய வேண்டும் என்பதுதான் அப்பாவுக்கு இருந்த ஒரே ஆசை. ஆனி தப்பினால் ஆடி. ஆடியில் கல்யாணம் இல்லை. ஆவணியில் எங்களுக்கு வாசலே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முத்து போனிலேயே டைப் செய்து அனுப்பிய ஃபைலில் பிள்ளையார் ஒரு நிறம், ரோஜா ஒரு நிறம், பெயர்கள் இன்னொரு நிறம், திருவிழாக் கடை தோற்றது. மஞ்சள் அட்டையில் சிவப்பு மை என்று நானும் பழனிச்சாமி அண்ணனும் ஏற்கெனவே பேசியிருந்தோம். என் மூன்று கட்டளைகளையும் தட்டினேன். அடடா, என்ன சுத்தமாக வந்தது தெரியுமா! ஓர் எழுத்துகூட நகரவில்லை. பெருமை தாங்கவில்லை எனக்கு. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, இரண்டு வீட்டாரும் இருக்கிற 'முத்து கல்யாணம்' வாட்ஸப் குரூப்பில் அப்படியே போட்டுவிட்டேன்.

பாராட்டு வரும் என்று நான் போனையே பார்த்துக்கொண்டிருக்க, முத்துவின் கால் வந்தது.

"எக்கா, என்னத்தக்கா அனுப்பி வச்சிருக்க? பூரா கறுப்பால்லா இருக்கு! அம்மா போனைக் கொண்டு போயி வாசல்ல செருப்புகிட்ட வச்சிட்டா. உள்ள கொண்டாரக் கூடாதுன்னு சொல்லுதா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் லயத்தில் கறுப்பு மையில் வருவது ஒரே பத்திரிகைதான், கருமாதிப் பத்திரிகை. அதை வாசலில் நின்றே படித்துவிட்டுக் கிழித்துப் போடுவார்கள், நிலைப்படி தாண்டவிட மாட்டார்கள். சின்ன வயதில் அப்படி ஒன்றைத் தெரியாமல் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய், அம்மாவிடம் முதுகில் வாங்கியிருக்கிறேன். அந்த நான், இரண்டு வருடம் பிரஸ்ஸில் உட்கார்ந்ததில் கறுப்பைப் பார்த்தால் கறுப்பு என்றே தோன்றாத ஆளாகிவிட்டேன். பிளேட்டுக்கு, அதாவது அச்சடிக்கிற தகட்டுக்குப் போகிற ஃபைல் எப்போதும் கறுப்புதான், நிறம் மிஷினில் ஊற்றுகிற மையில் இருக்கிறது என்பது எனக்குச் சாதாரணமாகிவிட்டது. அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அடுத்து, பெண்ணின் அப்பா கந்தசாமி மாமாவின் குரல் குரூப்பில் வந்தது. "கறுப்புல கல்யாணப் பத்திரிகை அடிக்கிறது எந்த ஊரு வழக்கம்? மனசுக்குச் சரியாப் படல. ஆடி கழியட்டும், பொறகு பாப்போம்."

போச்சு! 'மாமா, இது பிளேட்டுக்கான ஃபைல், மை சிவப்புதான்' என்று டைப் செய்து அனுப்பினேன். மறுபடியும் அனுப்பினேன். எல்லோரும் படித்ததாக நீல டிக் மட்டும் விழுந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், வெட்கமென்ன இதில்.

பழனிச்சாமி அண்ணன் மிஷினில் பஞ்சாயத்து நோட்டீஸ் ஓடிக்கொண்டிருந்தது, கறுப்பு மை. எங்கள் பிரஸ்ஸில் நிற மை சனிக்கிழமை மட்டும்தான். ரோலர் ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துத்தான் மை மாற்ற முடியும், அரை நாள் வேலை. விஷயத்தைக் கேட்டதும் அண்ணன் மிஷினை நிறுத்திவிட்டுத் துணியை எடுத்தார்.

"அண்ணா, இன்னைக்குச் செவ்வாய்க்கெழமை. நோட்டீஸ் பாதியில நிக்குதே!"

"நோட்டீஸ் நாளைக்கு ஓடட்டுமுங்க. வாயில சொன்னா ஆருங்க நம்புவாங்க? கண்ணுல காட்டிப்போடலாம். அழுவாதீங்க அம்மிணி, அந்தத் துணிய இப்படிக் குடுங்க."

நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முழங்கை வரை கறுப்பு. மதியச் சாப்பாடும் இல்லை, ஒன்றும் இல்லை. பிளேட் எடுத்து மாட்டி, சிவப்பு மையைக் கரண்டியால் அள்ளி வைத்தபோது மணி மூன்று. குரூப்பில் வீடியோ கால் போட்டேன். முத்து வந்தான். கந்தசாமி மாமா, முகத்தை எங்கேயோ திருப்பிக்கொண்டு, ஆனாலும் வந்தார். அம்மாவின் கட்டத்தில் அம்மாவைக் காணோம். தகரக் கூரையின் விளிம்பும் வானமும் மட்டும் தெரிந்தன. போன் இன்னும் செருப்புப் பக்கத்தில்தான் கிடந்தது! யாரோ குனிந்து பட்டனை மட்டும் அழுத்திவிட்டு எட்ட நின்றிருக்கிறார்கள்.

"மாமா, இது பிளேட்டு. இதுல இருக்கது அச்சு மட்டுந்தான். மை இங்க இருக்கு, நல்லாப் பாருங்க," என்று கத்தினேன். மிஷின் தடதடவென்று ஓடத் தொடங்கியது. முதல் சில தாள்கள் வெளிறி வந்தன. அண்ணன் மையைக் கூட்டினார். அப்புறம் வந்தது பாருங்கள் ஒன்று! மஞ்சள் அட்டையில் பளீரென்று சிவப்பு, பிள்ளையார் முதல் பெயர்கள் வரைக்கும். அதைப் பிடுங்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவுக்கு நேரே நீட்டினேன்.

அம்மாவின் கட்டத்தில் வானம் ஆடியது. கூரை சாய்ந்தது. திரை முழுக்க அம்மாவின் முகம் வந்தது.

"ஏட்டி! குங்குமம் மாதிரில்லா இருக்கு!"

அப்படியே நடந்தாள். அம்மாவுக்குப் பின்னால் நிலைப்படி, சாமி படம், சுவரில் அப்பாவின் சட்டை எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. போன் வீட்டுக்குள் வந்துவிட்டது. நான் சிரித்தேனா அழுதேனா எனக்கே தெரியாது.

கந்தசாமி மாமா தொண்டையைச் செருமினார். "இன்னும் ஒரு பிடி அழுத்தமா வரணும்," என்றார். "எங்க தாத்தா பேரு மங்கலாத் தெரியுது. மத்தபடி அடிங்க."

அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "அடிச்சுப்போடலாமுங்க சம்பந்தி!" என்று மிஷின் சத்தத்துக்கு மேல் கூவினார்.

வியாழக்கிழமை எல்லாம் காய்ந்து, வெட்டிக் கட்டியாயிற்று. மூணாறு பஸ்ஸில் ஏற்ற பார்சல் தயார். அண்ணன் ஒரு கட்டைப் பிரித்து, மேலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். "உங்களுக்கு ஒண்ணு எடுத்து வெச்சுக்குங்க அம்மிணி. நீங்க அடிச்சதுதானுங்களே."

கை நீட்டியவள் நிறுத்திக்கொண்டேன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பத்திரிகை பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும், தட்டில், வெற்றிலை பாக்கோடு. மூணாறு போய், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி முன்னால் வைத்து, இத்தனை மலையும் திரும்ப இறங்கி முத்து கொண்டுவந்து வைத்தால்தான் அது எனக்கு அழைப்பு. "வேண்டாங்கண்ணா, எனக்கு ஊர்ல இருந்து வரும்," என்றேன். அவர் அதைக் கட்டுக்குள்ளேயே செருகி, கயிற்றை இறுக்கினார். பெறுகிறவர் முகவரியில் எங்கள் லயத்து வீட்டு எண்ணையும், அனுப்புகிறவர் இடத்தில் எலப்புள்ளியையும் எழுதி, பார்சலை நானே பஸ்ஸில் ஏற்றினேன். வீட்டுக்கு வந்து வாசலைக் கழுவிக் கோலம் போட்டேன், மூணாற்றிலிருந்து தட்டோடு விருந்தாளி வரப்போகிறாரே.