சிவப்பு மருந்தின் மூன்று சுற்றுகள்

அக்காவின் இடது மார்பில் தெரிந்தது, எங்கேயோ இடித்துக்கொண்ட கன்றல் போலத்தான் இருந்தது. நாவல்பழ நிறம். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே தென்னந்தோப்புக்குள் குடியிருப்பவள். மட்டை விழுந்திருக்கும் என்று அவளே முடிவு செய்து இரண்டு மாதம் எண்ணெய் தடவினாள். அது கழுத்துப் பக்கம் பரவிய பிறகுதான் கோவைக்கு என்னிடம் வந்தாள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, நான் ஒரு நாளிதழில் செய்தியாளராக இருந்தேன்.

அதே மார்பில் ஏழு வருடத்துக்கு முன் புற்றுக்கட்டியை எடுத்து, கதிர்வீச்சு கொடுத்திருந்தார்கள். பழைய நோய் திரும்பிவிட்டது என்று நினைத்தேன். சதைப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் மறுத்தார். இது சர்கோமா, ரத்தக் குழாயில் தொடங்கும் வேறொரு புற்று. கதிர்வீச்சு பட்ட இடத்தில் பல வருடம் கழித்து மிக அபூர்வமாக வரும் என்றார்.

"அப்ப அந்தக் கரண்டு வெக்காமயே இருந்திருக்கலாமுங்களா?" என்று அக்கா கேட்டாள். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

"வெக்காம இருந்திருந்தா பழைய நோய் இந்த ஏழு வருஷத்த விட்டு வெச்சிருக்குமான்னு தெரியாதுங்கம்மா."

பரவிய நிலையில் அறுத்தால் ஓரத்தில் நோய் தங்கிவிடும். மூன்று சுற்று மருந்து ஏற்றி, சுருங்கினால் அறுவை; சுருங்காவிட்டால் செய்வதற்கு அதிகமில்லை என்றார். இந்த நோய்க்கென்று தனி மருந்து கிடையாது, மற்ற சர்கோமாக்களுக்குக் கொடுப்பதைத்தான் கொடுக்கப்போகிறேன் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதனாலேயே அவரை நம்பினேன்.

மருந்து நல்ல சிவப்பு. "கலர் சோடாவாட்ட இருக்குது அம்மணி, குடிக்கத்தான் குடுக்க மாட்டீங்கறாங்க" என்று அக்கா என்னிடம் சொன்னாள். மறுநாள் சிறுநீர் சிவந்தது. முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

பன்னிரண்டாம் நாள் ரத்தப் பரிசோதனைக்காக உக்கடம் பஸ் நிலையத்தில் வந்து இறங்கினாள்; ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர், "எப்படி இருக்கீங்க?" என்றார்.

"நல்லா இருக்கறனுங்க. நீங்க நல்லா இருக்கறீங்களா?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அவள் எழுந்தபோது தடுமாற, கையைப் பிடித்தேன். கொதித்தது. காய்ச்சல் நூற்றிரண்டு. மருந்தால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தன. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் படுக்கை. இரண்டாம் சுற்று ஒரு வாரம் தள்ளிப்போனது.

"கேட்டப்பவே சொல்றதுக்கு என்னங்க அக்கா?"

"பெரிய மனுசரு நல்லா இருக்கறீங்களான்னு கேக்கறாரு. மூஞ்சிக்கு நேரா இல்லீங்கன்னு சொல்லச் சொல்றியா?"

"அவரு நலம் விசாரிக்கலீங்க. வைத்தியம் பாக்கறாரு."

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர்தான் கேள்வியை மாற்றினார். அடுத்த முறையிலிருந்து, நேற்று காய்ச்சல் எவ்வளவு, வாந்தி எத்தனை தடவை, வாயில் புண் எந்தப் பக்கம் என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அக்கா நேரத்தோடு பதில் சொன்னாள். எங்கள் நிருபர்கள் பலர் அவ்வளவு சுத்தமாகச் செய்தி தந்ததில்லை. எல்லாம் முடிந்ததும், "இப்ப நீங்க நல்லா இருக்கறீங்களான்னு கேக்கலாமுங்க" என்றாள்.

மூன்றாம் சுற்று முடிந்து மூன்று வாரம் கழித்து அறுவை மருத்துவர் பார்த்தார். பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து அளந்தார். கழுத்தெலும்பை எட்டியிருந்த கன்றல் நான்கு விரல்கடை கீழே இறங்கி, நிறமும் வெளிறியிருந்தது. மார்பு முழுவதையும் எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும் என்றார்.

"எடுத்துப்போட முடியுமுங்களா?"

"முடியும். வர்ற புதன்கிழமை."

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு எனக்கு முன்னால் நடந்தாள். கண்ணாடிக் கதவைச் சாத்தக்கூட இல்லை. தோப்பிலிருந்த மாமாவிடம், "ஏனுங்க, அறுக்கறாங்களாமுங்க! புதன்கிழமையே அறுக்கறாங்களாமுங்க!" என்று சத்தமாகச் சொன்னாள். வரிசையில் நின்றவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நல்ல செய்திதான் என்று அவரிடம் சொன்னேன்.