ரஹ்மத் மேடம் சொல்லிக்கொடுக்க மறுத்த சாட்சியம்

செஷன்ஸ் நீதிமன்றத்தில் என் வழக்கை அழைப்பதற்காகக் காத்திருந்தபோது குமாஸ்தா ஏழுமலை வந்து தோளைத் தொட்டார். "சார், ரஹ்மத் மேடம் தவறிட்டாங்க. காலைல தொழுதுட்டு உக்காந்தவங்க, அப்படியே போயிட்டாங்களாம்." நான் எழுந்து வாய்தா கேட்டேன். காரணத்தைச் சொன்னதும் நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டார்.

இந்த ஊர் வழக்கறிஞர்களுக்கு ரஹ்மத்துன்னிசாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாவட்டம் பிரிந்த புதிதில், தேரடித் தெருவில் அவருடைய அப்பாவின் அத்தர் கடைக்கு மேலே இருந்த அறையில் நாங்கள் இருவரும் தொழில் தொடங்கினோம். எங்கள் வழக்குக் கட்டுகளில் எப்போதும் மல்லிகை அத்தர் வாசனை அடிக்கும். அவர் எடுத்துக்கொண்டதெல்லாம் குற்றவியல் வழக்குகள்தான், அதுவும் குற்றம் சாட்டப்பட்டவர்களின் தரப்பில். "ஊரே ஒருத்தன் மேல கோவமா இருக்கறப்பதான் பாஸ்கர், அவனுக்கு வக்கீல் வேணும்" என்பார். குறுக்கு விசாரணைக்கு அவர் எழுந்தால், பொய் சொல்ல வந்த சாட்சி கூண்டில் ஏறும்போதே தண்ணீர் கேட்பான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு நாள், ஆசிரமத்துப் பக்கம் வீடு வாடகைக்கு விட்டிருந்த எங்கள் கட்சிக்காரர் ஒருவர், தன் வீட்டில் குடியிருந்த வெளிநாட்டுப் பெண்ணை அழைத்து வந்தார். பெயர் மிரெலா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தென்கிழக்கு ஐரோப்பாவில், போரில் உடைந்துபோன பால்கன் நாடு ஒன்றிலிருந்து வந்தவர். விசா நீட்டிப்புக்கு ஏதோ பிரமாணப் பத்திரம் வேண்டும் என்றார். அது முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. ரஹ்மத் டீ வரவழைத்தார். அதன் பிறகு மிரெலா மெதுவாகப் பேசினார். அவர்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். நான் தமிழில் சொல்கிறேன்.

போரின்போது மிரெலாவையும் அவருடைய அக்காவையும் ஒரு பள்ளிக்கூடத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு காலையில் காவலர்கள் அக்காவை இழுத்துக்கொண்டு போனார்கள். அக்கா திரும்பி வரவில்லை. அந்தப் பள்ளிக்கூட முகாமுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி இப்போது பிடிபட்டிருக்கிறான். போர்க்குற்றங்களை விசாரிக்கும் பன்னாட்டுத் தீர்ப்பாயம் மிரெலாவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்தது. அவன் யாரையும் கையால் அடித்ததில்லை. காவலர்கள் செய்தது தெரிந்தும் தடுக்கவில்லை என்பதுதான் அவன்மீது குற்றச்சாட்டு.

மாலையில் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் நான் கேட்டேன். "அடிச்சவன விட்டுட்டு, பாத்துட்டு இருந்தவனப் புடிக்கறாங்களா மேடம்?"

"பாத்துட்டு இருந்தவன் ஊர்ல எல்லாருந்தான். இவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருக்கும். சொல்லல. அதுக்குத்தான் கேஸு" என்றார். சற்று யோசித்துவிட்டு, "ஆனா நிரூபிக்கறது ரொம்பக் கஷ்டங்க. அவனுக்குத் தெரியும்னு காட்டணும்" என்றார்.

அந்தச் சிக்கல் மறுவாரமே எங்கள் அறைக்கு வந்தது. அக்காவை இழுத்துச் சென்ற காலையில் தாழ்வாரத்தின் கோடியில் அந்த அதிகாரி நின்றுகொண்டிருந்தான் என்றார் மிரெலா. ரஹ்மத் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டார்.

"முகத்தைப் பார்த்தீர்களா?"

"அவனேதான்."

"முகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்."

"முதுகை" என்றார் மிரெலா கடைசியில். மற்ற நாட்களில் அவனை நேருக்கு நேர் பார்த்திருக்கிறார். அவன் கண்ணெதிரே பிறர் அடிபட்டதையும் பார்த்திருக்கிறார். அந்த ஒரு நாள் மட்டும் முதுகுதான். "உங்களுக்கு நீதிமன்றம் பழக்கம். எப்படிச் சொன்னால் நம்புவார்கள் என்று சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டார்.

சாட்சியை முன்கூட்டியே தயார்செய்யலாமா என்பது அந்த மாதிரித் தீர்ப்பாயங்களிலேயே தீராத வாதம் என்று பின்னால் படித்தேன். சில நாட்டு வழக்கறிஞர்களுக்கு அது கடமை; வேறு சிலருக்கு அது கலப்படம். ரஹ்மத்துக்கு அன்று எந்த வாதமும் தேவைப்படவில்லை. "முதுகைப் பார்த்தேன் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தைகூட நான் சொல்லித் தர மாட்டேன்" என்றார்.

மிரெலாவின் முகம் சிவந்துவிட்டது. "நீங்கள் அவன் பக்கம் பேசுகிறீர்கள்."

"நான் அவனுடைய வழக்கறிஞராக இருந்தால் அந்த முதுகிலிருந்துதான் ஆரம்பிப்பேன். அது இடிந்தால், நீங்கள் உண்மையிலேயே பார்த்த மற்ற நாட்களும் சேர்ந்து இடிந்துவிடும்."

மிரெலா பையை எடுத்துக்கொண்டு கதவை அறைந்துவிட்டுப் போனார். சில நாட்களில் ஊரைவிட்டே போய்விட்டதாக வீட்டுக்காரர் சொன்னார். சாட்சி சொல்லப் போனாரா, எல்லாவற்றையும் விட்டுவிட்டாரா, எங்களுக்குத் தெரியாது. ஆசிரமம் இருக்கும் செங்கம் சாலைப் பக்கம் போகும்போதெல்லாம் ரஹ்மத் மிரெலா குடியிருந்த வீட்டைப் பார்ப்பார். ஒருமுறை, "நான் சொன்னது சரிதாங்க. ஆனா அது அவ அக்கா. எனக்கு ரெண்டு அக்கா இருக்காங்க" என்றார்.

சில வருடங்கள் கழித்து, கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் சேரத் தொடங்கியிருந்த ஒரு காலையில், மிரெலா மாடிப்படியேறி வந்தார். தலையில் ஆங்காங்கே நரை தெரிந்தது. ரஹ்மத் எழுந்து நின்றார். மிரெலாவே பேச்சைத் தொடங்கினார்.

"எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார், இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஒருவரிடம் கேட்டேன், அவர் மறுத்துவிட்டார் என்றேன்."

அக்கா விஷயத்தில் அந்த அதிகாரியைக் குற்றவாளி என்று தீர்ப்பாயம் சொல்லவில்லை. சாட்சியம் போதவில்லை என்றது. மற்ற நாட்களில் நடந்தவற்றுக்கு அவனுக்கு நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. மிரெலா அந்தத் தீர்ப்பில் ஒரு பத்தியை மனப்பாடமாக வைத்திருந்தார். தான் பார்க்காததைப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டவர் என்பதால், பார்த்ததாக இந்தச் சாட்சி சொல்வதை நம்புகிறோம் என்று நீதிபதிகள் எழுதியிருந்தார்களாம்.

"அக்காவுக்கு நீதி கிடைக்கவில்லை" என்றார் மிரெலா. "ஆனால் மற்றவர்களுக்குக் கிடைத்தது. உங்கள்மீது எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வந்தேன்."

"இருக்கட்டும்" என்றார் ரஹ்மத். இருவரும் அழுதார்கள். நான் டீ சொல்லப் போகிறேன் என்று கீழே இறங்கிவிட்டேன்.

அன்று மதியம் ரஹ்மத் ஒரு கிராமத்துப் பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்தார். மிரெலா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். மொழி புரியவில்லை. வெளியே வந்ததும் ஒன்று மட்டும் கேட்டார்: "அங்கே என்னை உட்கார வைத்துக் கேட்டார்கள். இந்தப் பெண்ணை ஏன் இவ்வளவு நேரம் நிற்க வைத்தீர்கள்?"

மறுநாள் காலை, அதே சாட்சி கூண்டில் ஏறியதும், ரஹ்மத் கேள்வியைத் தொடங்காமல் நீதிபதியைப் பார்த்து, "சாட்சிக்கு ஒரு நாற்காலி போட உத்தரவிடணும்" என்றார். வழக்கறிஞர்கள் சிரித்தார்கள். நீதிபதி, "அவங்க உங்க சாட்சி இல்லையேம்மா" என்றார். "ஆமாங்கய்யா. நான் கேக்கப்போற கேள்விக்கு அவங்க உக்காந்துட்டே பதில் சொல்லட்டும்" என்றார் ரஹ்மத். நாற்காலி வந்தது. கேள்விகளில் அவர் எதையும் கம்மி செய்யவில்லை.

அதற்குப் பிறகு அவர் நாற்காலி கேட்காமல் எந்தச் சாட்சியையும் விசாரித்ததில்லை. அவருடைய அடக்கம் முடிந்த மறுவாரம் எனக்கு ஒரு குறுக்கு விசாரணை இருந்தது. சாட்சி ஒரு முதியவர். என் கட்சிக்காரனை மாட்டிவிட வந்தவர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவர். எழுந்து, முதலில் நாற்காலி கேட்டேன். சில நீதிபதிகள் போடச் சொல்வார்கள், சிலர் மறுப்பார்கள். ரஹ்மத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். நாற்காலி கேட்டுக்கொண்டே இருப்பேன்.