இடம் மாறிய மச்சம்

வாரத்தில் ஆறு நாள் மண்ணூர்பேட்டையில் லேத் ஓட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவேன். ஆவடி குவார்ட்டர்ஸ் பக்கம் எங்கே சலங்கை கட்டினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் ஒன்றும் பெரிய கலைஞன் இல்லை. ஆடுகிறவள் காலைத் தூக்கும்போது பட்டனை அமுக்கத் தெரிந்தவன், அவ்வளவுதான். மற்றவர்கள் காலை இறக்கின பிறகு அமுக்குவார்கள்.

என்னிடம் இருந்தது பழைய ரெட்டை லென்ஸ் கேமரா. மேலேயிருந்து குனிந்து பார்க்க வேண்டும். அதில் வலது இடதாகத் தெரியும், இடது வலதாகத் தெரியும். ஆரம்பத்தில் தலை சுற்றும். பழகப் பழக, ஆடுகிற பெண்கள் எல்லோரும் எனக்கு அப்படித்தான் கண்ணில் பதிந்து போனார்கள். அந்தப் பழக்கம்தான் கடைசியில் என் தலையில் கல்லைப் போட்டது.

குவார்ட்டர்ஸில் ஒரு பெண் இருந்தாள். அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர், திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், வாய்விட்டுச் சிரிப்பவர். அவள் நன்றாக ஆடுவாள். அதைவிட நன்றாகச் சொல்லிக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குவார்ட்டர்ஸ் மன்றத்தில் பொடிசுகளை வரிசையாக நிறுத்தி, கட்டையைத் தட்டித் தட்டித் தொண்டை கட்டக் கத்துவாள். மற்ற நாட்களில் அந்தப் பெண்ணின் வாயிலிருந்து ஒரு சத்தம் வராது.

அவளுக்கு வரன் பார்த்தார்கள். நவராத்திரி நிகழ்ச்சிக்கு ஒப்பனை போட்டு நின்றபோது நான் எடுத்த முகப்படம் ஒன்று லேபில் இருந்தது. அது பிரிண்ட் ஆகி வந்த அன்றே, வீட்டில் யாரும் பார்ப்பதற்கு முன்னால், கல்யாணத் தரகர் என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிப் போய்விட்டார். பூந்தமல்லியில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை: கல்யாணத்துக்கு அப்புறம் ஆடவும் கூடாது, சொல்லிக் கொடுக்கவும் கூடாது. அப்பா சரி என்று தலையாட்டினார். அவளை யாரும் கேட்கவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா படத்தையும் பார்த்தாள், பெண்ணையும் பார்த்தாள்.

"இன்னாய்யா இது? படத்துல மச்சம் எடது கன்னத்துல கீது, உம் பொண்ணுக்கு வலது கன்னத்துல கீது. வேற எவளோ படத்தக் காட்டிகினு எங்கள ஏமாத்தப் பாக்கறியா?"

படத்தை வெற்றிலைத் தட்டில் வீசிவிட்டுப் போய்விட்டார்கள். பெண்ணின் அப்பா அந்தப் படத்தோடு நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"டச்சப் பண்றேன்னு மச்சத்த மாத்தி வரஞ்சுட்டியா தம்பி?"

அவர் கேட்டதில் தப்பில்லை. பரு, தழும்பு எல்லாவற்றையும் பிரஷ்ஷால் மூடுவது அந்தக் காலத்தில் எங்கள் வழக்கம்தான். படத்தை வாங்கிப் பார்த்தேன். பகீரென்றது. தலையில் வலப்பக்கம் இருக்க வேண்டிய சூரியன் நகை இடப்பக்கம் இருந்தது, சந்திரன் வலப்பக்கம். லேப்காரன் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அடித்திருக்கிறான், பாவி! மாறித் தெரியும் முகத்தையே பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு அது உறைக்கவே இல்லை.

நெகட்டிவைக் கையில் காட்டியே விளக்கலாம் என்று நினைத்து, தேடி எடுத்து வருகிறேன் என்று மட்டும் சொல்லி அவரை அனுப்பினேன். எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவளே வாசலில் நின்றாள்.

"சூரியன் எடம் மாறியிருந்ததை, படம் தட்டுல விழுந்தப்பவே நான் பாத்துட்டேன் அண்ணே. நெகட்டிவைக் காட்டாதீங்க. இந்த மாப்பிள்ளை வீட்டு இடம் இப்படியே போகட்டும்."

"உங்கப்பாவை ஏமாத்துக்காரர்னு சொல்றாங்களேம்மா."

"நாலு நாள் பேசுவாங்க, விட்டுடுவாங்க. ஆடாம என்னால இருக்க முடியாதுண்ணே."

அவள் கண்ணைப் பார்த்த பிறகு எப்படி மறுப்பது? நெகட்டிவ் தொலைந்துவிட்டது என்று அவள் அப்பாவிடம் சொன்னேன். "கேமராவத் தூக்கி அடுப்புல போடு" என்று கத்திவிட்டுப் போனார். அந்தத் திட்டைத் துடைத்துப் போட்டுவிட்டேன்.

ஆனால் நாலு நாளில் யாரும் விடவில்லை. "இன்னா நைனா, அடுத்த தபா யார் படத்தக் காட்டப் போற?" என்று தொழிற்சாலை கேன்டீனில் அவள் அப்பாவைக் கேட்டுச் சிரித்தார்களாம். அவர் கேன்டீனுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஒரு நாள் செக்போஸ்ட் பக்கம் டீக்கடையில் பார்த்தேன். எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவளிடம் போய், போதும்மா, சொல்லிவிடலாம் என்றேன். இன்னும் கொஞ்ச நாள் அண்ணே என்றாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. வாக்குக் கொடுத்த என் மேல் அதைவிட வந்தது.

அடுத்த ஞாயிறு, பிள்ளைகளை குரூப் போட்டோ எடுக்க மன்றத்துக்குப் போயிருந்தேன். அவள் ஒரு குட்டிக்குச் சலங்கை கட்டிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா பனியனோடு ஓடி வந்தார். பாதிக் கன்னத்தில் சோப்பு நுரை. ஒரு கையில் சவரக் கண்ணாடி, மறு கையில் அந்தப் படம்.

"தம்பி, இங்க பாரு, இங்க பாரு!"

படத்தைக் கண்ணாடிக்கு நேரே பிடித்தார். கண்ணாடிக்குள் மச்சம் வலது கன்னத்துக்கு வந்திருந்தது.

"படந்தான் திரும்பிருக்கு! நான் களவாணி இல்லய்யா!" சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. "இப்பவே பூந்தமல்லிக்குப் போறேன். நீயும் வந்து சொல்லு."

நான் கேமராவுக்குள் குனிந்துகொண்டேன். அவள்தான் எழுந்து வந்தாள்.

"போகாதீங்கப்பா. எனக்கு அன்னைக்கே தெரியும். அண்ணனை நான்தான் சொல்ல வேணாம்னேன்."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கண்ணாடியைப் பிடித்திருந்த கை இறங்கியது.

"கேன்டீன்ல சிரிச்சாங்களே... அப்பவுமா தெரியும்?"

"தெரியும்பா."

மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தார். நுரை காய்ந்து கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. படத்தை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"எனக்கு இந்த இடம் வேணாம்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களாப்பா?"

கேட்டிருக்க மாட்டார் என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது.