எல்லா ஃபேனும் ஓடிய தை மாதம்

நான் ஏழாம் வகுப்புப் படித்த வருஷம், தை பிறந்த பிறகும் குளிர் போகவில்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில், சுற்றிலும் வாய்க்காலும் வயலுமாக இருக்கிற எங்கள் ஊருக்கு அப்படியொரு குளிர் புதிது. பத்து மணி ஆனாலும் பனி விலகாது. தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அம்மா அதை அடுப்போரம் வைத்து இளக்கித்தான் எனக்குத் தலை வாரிவிடுவார். வளைகுடாவில் வேலை பார்த்த அத்தா ஒவ்வொரு விடுமுறைக்கும் கொண்டுவந்த, உறை பிரிக்காமலே பீரோ மேல் கிடந்த புலிப்படக் கம்பளிகள் அந்த வருஷம்தான் முதன்முதலாகக் கீழே இறங்கின. எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் யாராவது வெளிநாட்டில் இருந்தார்கள். காலையில் பால் வாங்க வருகிறவர்களைப் பார்த்தால் புலிகள் ஊர்வலம் போவதுபோல் இருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்தில் என்னைப் பேச்சுப் போட்டிக்குச் சேர்த்துவிட்டார்கள். தலைப்பு, ‘சூடாகும் பூமி’.

என்னைக் கேலி செய்ய அம்மாவின் தம்பிக்கு இது போதுமானதாக இருந்தது. அரிசி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மாமா, அந்த வருஷம்தான் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக நெல் வாங்கி விற்கத் தொடங்கியிருந்தார். முதன்முதலாக வாங்கிய நெல் எங்கள் வீட்டு முன்னால் இருந்த சிமெண்ட் தளத்தில் குவிந்து கிடந்தது. அதைப் பார்க்க அவர் விடிந்ததும் வந்துவிடுவார். காதைச் சுற்றி மஃப்ளர், அதற்கு மேல் ஒரு துண்டு.

“என்ன மருமவளே, பூமி சூடாயிருச்சா? சூடாயிருந்தா ஒரு வார்த்தை சொல்லு, மஃப்ளரைக் கழட்டிர்றேன்.”

வெள்ளிக்கிழமை அத்தா போன் செய்தபோது அங்கேயும் கடும் குளிர் என்றார். மாமாவுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

“பாலைவனத்துலயே ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத் திரியுறாங்களாம். உங்க டீச்சர் மட்டும் எங்க போய் வேர்த்துட்டு வந்தாங்க?”

நான் அழாத குறையாக டீச்சரிடம் போய்க் கேட்டேன். ஓர் ஊரில் ஒரு வாரம் குளிரடிப்பதை வைத்து உலகத்தை எடைபோடக் கூடாது, பல வருஷத்துக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்றார். சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். “அப்ப சித்திரையில வேர்த்தா மட்டும் உலகமே சூடாயிருச்சுன்னு சொல்லலாமா?” என்றார். அதுவும் சரியாகத்தான் இருந்தது. எனக்கு எப்போதும் கடைசியாகப் பேசுகிறவர் சொல்வதுதான் சரி என்று தோன்றும். இன்றைக்கும் குழந்தைக்குச் சளி பிடித்தால் இரண்டு பேரிடம் யோசனை கேட்க எனக்குப் பயம்.

மாமா கேலிக்காரராக இருந்தாலும் உள்ளூர அவருக்கு ஒரு கவலை இருந்தது. வயலிலிருந்து நெல் ஈரத்தோடு வந்திருந்தது. வெயிலில் பரப்பிக் காயவைத்துத்தான் மில்லுக்கு ஏற்ற முடியும். வெயில் வருவதாக இல்லை. பனி இறங்கிவிடக் கூடாதே என்று குவியலின் மேல் ஒரு படுதா, அதன்மேல் இன்னொரு படுதா, ஓரமெல்லாம் செங்கல் என்று மூடி வைத்திருந்தார். இந்த நெல் கெட்டால் மறுபடியும் மில்லுக்கே போய்க் கணக்கு எழுத வேண்டியதுதான். அம்மா ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் வெயிலுக்காகத்தான் துஆ கேட்டார்.

“தெனமும் திறந்து கிளறி விடுவாங்களேடா?” என்று அம்மா ஒருமுறை கேட்டார்.

“அது வெயில் காலத்துக்கு, அக்கா. இந்தக் குளிருக்கு, ஃப்ரிட்ஜுல வச்ச மாதிரி கெடக்கும். கவலைப்படாத.”

போட்டிக்கு முந்தின நாள் காலை. நான் அடுக்களையில் நின்று கத்திக் கத்தி மனப்பாடம் செய்ததில் அம்மாவுக்குத் தலை வலித்தது. வெளியே போய்க் கத்து என்று அனுப்பிவிட்டார். பனியில் எதிர்வீடு தெரியவில்லை. குவியலை ஒட்டி நின்றால் காற்றடிக்காது என்று அங்கே போய் நின்றேன். “பனிமலைகள் உருகுகின்றன, கடல் பொங்குகிறது” என்று சொல்லும்போதெல்லாம் பல் கிட்டித்தது. கால் விறைத்துப் போகவே, ஒரு செங்கல்லை நகர்த்திவிட்டுப் படுதாவுக்கு அடியில் பாதத்தை நுழைத்தேன்.

உள்ளே அவ்வளவு இதமாக இருந்தது. கையையும் விட்டேன். ஆழமாக விட விட இன்னும் இதம். கடல் பொங்குவதை அப்படியே விட்டுவிட்டு, கன்னத்தைப் படுதாவில் சாய்த்துக்கொண்டு நின்றேன்.

மாமா டீ டம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்தார். “என்ன, பேச்சாளருக்கே குளிருதா?”

“மாமா, கையை இதுக்குள்ள விடுங்க. கதகதன்னு இருக்கு.”

சிரித்துக்கொண்டேதான் விட்டார். முழங்கை வரை போனதும் சிரிப்பு நின்றது. டம்ளர் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. செங்கல்லைத் தள்ளிவிட்டு இரண்டு படுதாவையும் சேர்த்து இழுத்தார். வடித்த சோற்றுப் பானையைத் திறந்ததுபோல் குவியலிலிருந்து ஆவி எழுந்தது. புளித்த வாடை.

“அக்கா, நெல்லு வேவுது.”

ஈர நெல்லை மூடிப் போட்டால் தன்னாலேயே சூடேறும் என்பதும், வெளியே எத்தனை குளிர் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை என்பதும், அப்படியே விட்டால் கருத்து முளை கட்டிவிடும் என்பதும் அன்றைக்கு ஓடிய ஓட்டத்தில் எனக்குத் தெரிந்தவை. மாமாவுக்கு முன்பே தெரியும். குளிரை நம்பி மறந்திருந்தார்.

வெளியில் பரப்பினால் பனி. எனவே நெல் வீட்டுக்குள் வந்தது. கூடை கூடையாகக் கூடத்தில், அறைகளில், கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில். பிறகு மாமா ஒவ்வோர் அறையாகப் போய் ஃபேனை முழு வேகத்தில் வைத்தார். வருஷத்தின் ஆகக் குளிரான நாளில் எங்கள் வீட்டில் எல்லா ஃபேனும் ஓடின. நானும் அம்மாவும் கட்டில்மேல் ஆளுக்கொரு புலியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினோம். மாமா ஸ்வெட்டரோடு நெல்லுக்குள் நடந்து, காலாலேயே கோதிவிட்டுக்கொண்டிருந்தார்.

பால்காரர் வாசலில் வந்து நின்றார். ஃபேனைப் பார்த்தார், மாமாவின் மஃப்ளரைப் பார்த்தார்.

“என்ன பாய், ரொம்பப் புழுக்கமா இருக்கோ?”

அம்மா கம்பளிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். மாமாவும் சிரிக்க முயன்றார்.

மறுநாள் மேடையில், சால்வை போர்த்தியிருந்த தலைமையாசிரியையைப் பார்த்ததும் எனக்குப் பனிமலையும் கடலும் மறந்துவிட்டன. வேறு வழியில்லாமல் எங்கள் வீட்டு நெல்லைப் பற்றிச் சொன்னேன். வெளியில் பனி கொட்டியது, உள்ளே ஆவி வந்தது என்றேன். பால்காரர் சொன்னதையும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் பரிசாக ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள். தலைப்பை ஒட்டிப் பேசினேனா, விட்டு விலகிப் பேசினேனா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை.

வீட்டுக்கு வந்தபோது நெல் ஆறியிருந்தது. நடுவில் கொஞ்சம் கருத்துப்போனதைக் கோழிக்கு ஒதுக்கிவிட்டு, மற்றதை மில்லில் எடுத்துக்கொள்வார்கள் என்று மாமா சொன்னார். முகம் தெளிந்திருந்தது. தூக்கமில்லாத கண்ணோடு இன்னும் கோதிக்கொண்டிருந்தார். நான் சோப்பு டப்பாவைக் காட்டி, “இப்பவாவது நம்புறீங்களா மாமா?” என்றேன்.

கேலியாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து ஒரு பிடி நெல்லை அள்ளினார்.

“நெல்லு சூடாச்சுன்னா படுதாவை இழுத்துடலாம். பரப்பி விட எடமிருக்கு, ஃபேன் இருக்கு. பூமி சூடானா என்ன புள்ள பண்றது?”

“டீச்சர்ட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன் மாமா.”

“கேட்டுச் சொல்லு,” என்றார். சிரிக்கவில்லை.

மாமாவுக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வி கிடைத்துவிட்டதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதென்ன பெரிய கேள்வி, திங்கட்கிழமை கேட்டால் டீச்சர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு, உள்ளங்கால் கூச, நெல்லின்மேல் நடந்து அம்மாவிடம் சாப்பாடு கேட்கப் போனேன்.